இருபதாம் ஊசி

ஸ்ரான்லி வீதியில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
எங்கள் பிளொட்டருக்கு எட்டுப் பேனை,
ஆறுதான் எழுதும்.
கொழும்பில் யாரோ கழித்துவிட்டதை
ஜெபநேசன் சேர் லொறியில் ஏற்றி வந்தார்,
ஐஸ்பெட்டிகளுக்கும் ஒரு தையல் மெசினுக்கும் நடுவில்.
கேபிள் வரவில்லை.

கேபிளை நான் செய்தேன்.
கணினிப் பக்கம் ஒன்பது ஊசி,
பிளொட்டர் பக்கம் இருபத்தைந்து.
ஒன்பதில் இரண்டாம் ஊசி கேட்கும்,
இருபத்தைந்தில் இரண்டாம் ஊசி சொல்லும்.
எண் ஒன்று, தொழில் வேறு.
ஆகவே இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று:
நேரே பிடித்தாலே குறுக்காய்ப் போகும்.
இது விளங்க எனக்கு மூன்று நாளும்
அரைச் சுருள் ஈயமும் போயின.
ஐந்தை ஏழோடு ஒட்டினேன். அது நிலக்கம்பி.
மின்சாரத்துக்கும் நிலம் இல்லாமல் சரிவராது.

வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறு,
இரண்டு பக்கமும் அதே.
முதுகிலிருக்கும் குட்டி ஆளிகளைக்
குண்டூசியால் தள்ளி வைத்தேன்;
ஒன்று பிசகினாலும்
சிவப்பு லைட் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும்.
பியூ என்றால் பேனையைத் தூக்கு.
பீடி என்றால் பதி.
சேர் புகையை விட்டு ஆறு மாதம்.
நான் வாய்விட்டுக் கட்டளை வாசித்தால்
யன்னலைப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள்,
சிவகடாட்சமும் தங்கை தவமலரும்.
உரும்பிராயில்
வேம்பன்கலட்டி என்னும் காணி,
லாச்சம் வரகு ஏழு, குழி மூன்று,
கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உட்பட.
வாங்கில் இரண்டு தொங்கலிலும் இருந்தார்கள்.
“பிள்ளை, அவவிட்டைக் கேளும், வடக்குக் கல் சரியோ எண்டு.”
“சரியெண்டு சொல்லும் பிள்ளை.”
இரண்டு முழத் தூரம்.
நான் எழும்பவுமில்லை, கேட்கவுமில்லை,
பதில் மட்டும் போய்வந்தது.

பேனை ஒன்று வெளி எல்லையைச் சுற்றி வந்தது.
கிணற்றுக்கு வட்டம் போட்டது.
தூக்கியது. நடந்தது. பதிந்தது.
வேலியில் ஓணான் போவதுபோல்
ஒரு ஓட்டம், ஒரு நிற்பு.
பிறகு சிவப்பு லைட்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல்
தெற்கு மூலையில் சேரின் பெயரை எழுதி முடித்தது.

தாளை மேசையில் விரித்தேன்.
நடுக்கோடு இல்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
அவ எழும்பி வந்தா.
“கோடு எங்கை?”
“இதில இல்லை.”
என்னைப் பார்த்து இல்லை,
இரண்டு பேரும்.
எத்தனை வருசத்துக்குப் பிறகு என்று தெரியாது,
நான் விசாரிக்கவில்லை.
“கிணறு சின்னனாக் கிடக்கு.”
“அது ஸ்கேல்.”
அவவின் விரல்
கிணற்றிலிருந்து ஒழுங்கைவரை போனது,
எங்கும் தடக்கவில்லை.
கீழே யாரோ ரியூப்புக்குக் காற்றடித்தார்கள்.

நான் கேபிளைக் கழற்றினேன்.
பஃபர் என்பது சின்ன வாளி.
பேனை மெல்ல இறைக்கும்,
கணினி ஓயாமல் ஊற்றும்.
நிரம்பினால், பொறு, என்று சொல்வது
பிளொட்டரின் இருபதாம் ஊசி.
கணினியின் ஆறும் எட்டும் அதைக் கேட்கவேண்டும்.
இருபதில் நான் வைத்த ஈயம் விட்டுப்போய்
கம்பி அந்தரத்தில் நின்றது.
வழிந்து போனதில்
ஒரு பியூ, ஒரு பீடி, நாலு எண்கள்.
அவ்வளவுதான் அந்தக் கோடு.

பற்றவைத்தேன். ஊதினேன். மறுபடி அனுப்பினேன்.
இந்தமுறை வாளி நிரம்பும்போதெல்லாம்
கணினி பொறுத்தது.
இரண்டாம் பேனை, சிவப்பு:
வடக்குக் கல்லில் பதிந்து
கிணற்றை ஒட்டி இறங்கி
ஒழுங்கையில் நின்றது.
அவர்களும் வாங்குக்குப் போனார்கள்,
முன்பிருந்த அதே தொங்கல்களுக்கு.

இரண்டு பிரதி. இரண்டு கையெழுத்து.
அவவின் ஸ்கூட்டி சந்தி திரும்பும்வரை
அவர் மாடிப்படியில் நின்றார்.

பிழைத்த தாளுக்குக் காசு வாங்கவில்லை,
அதை யாரும் கேட்கவும் இல்லை.
அதன் முதுகில்தான் இப்போது
பேனைகளை உரசிப் பார்க்கிறேன்.
ஏழும் எட்டும்
இன்னும் எழுதவில்லை.