சொல்லுக்குச் சொல்

டென்வர் நீதிமன்றத்தில்
சான்றுப்பொருள் பதினான்கு ஒரு மரத்தூண்.
மார்பளவு உயரம், முக்கோணச் செதுக்கல்கள்,
அடியில் கரையான் தின்ற பள்ளம்.
ம்போட்ஸே பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.
மாட்டிக்கொள்ளச் சொன்னார் காவலர்.

கிலிஃபியிலிருந்து அவர் கொண்டுவந்த கள்
விமான நிலையக் குப்பைத்தொட்டியோடு போயிற்று.

அருங்காட்சியக வக்கீல் தன்மையாகத்தான் கேட்டார்.
"வாங்கிய ரசீது?"
"வாங்கவில்லை. நட்டோம்."
"செலவு?"
"ஒரு ஆடு. பிறகு மழைக்குக் காத்திருந்தோம்."
எழுத்தர் 'ஆடு' என்று தட்டினார்.

"இது உங்கள் உடைமையா?
ஆம், இல்லை, அது போதும்."

ம்போட்ஸேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஐயோ, இல்லை. என் மாமனாரின் அண்ணன்."

எதையும் கூட்டேன், எதையும் குறையேன் என்று
காலையில் கை உயர்த்திச் சத்தியம் செய்தவன் நான்.
"இல்லை" என்றேன் ஆங்கிலத்தில்.
மாமனாரின் அண்ணனையும் சொன்னேன்,
அவரைப் பெயர்த்த இரவு நாய்கள் குரைக்காததை,
மூன்று போகம் சோளம் கருகியதை,
அவர் மூச்சுவிட்ட இடத்தில் நானும் விட்டு.

கேள்விக்குப் பொருந்தாதது என்று
மீதி நீக்கப்பட்டது.
பதிவேட்டில் 'இல்லை' இருக்கிறது.

இடைவேளையில் கேட்டார்,
"சரியாகச் சொன்னாயா?"

காபி இயந்திரத்துக்குச் சில்லறை தேடியபடி,
"சொல்லுக்குச் சொல்" என்றேன்.