இடம் உறுதியில்லை

நாற்பது லிட்டர் சேற்றைக் கழுவி வடித்ததில்
இது ஒன்றுதான் மிஞ்சியது.
கடுகு சிறுத்தாலும் காரம் உண்டு;
இதற்கு அதுவும் இல்லை.
தும்மினால் போய்விடும்.
சோல்ரூன் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான்
நுண்ணோக்கிமேல் குனிவாள்.
இடுக்கி தொடக் கூடாது.
பென்சில் நுனியில் பூனைமீசை மயிர் ஒன்றை
ஒட்டி வைத்திருக்கிறாள்.
பூனை செத்து ஆறு வருடம்.

வெளியே பேர்கனின் மழை.
நேற்றையதன் மிச்சமா, இன்றைக்குப் புதிதா என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.

ஓடு என்று சொல்கிறோம், பேச்சுக்கு.
ஓட்டைப் பற்றிய ஒரு வதந்தி அது.
இரண்டே முக்கால் சுற்று. நிறம் கிடையாது.
தின்ற சேறு குடலில் எங்கே நிற்கிறது என்பதுவரை
வெளியிலிருந்தே தெரிகிறது.
இருநூறு மீட்டர் இருட்டில்
யாருக்கு மறைக்க வேண்டும்?

பழைய நூல்கள் இவற்றை ஒரே குடும்பம் என்றன.
எல்லாம் பொடி, எல்லாம் மெலிவு,
வேறெங்கும் வைக்க இடமில்லாதவை.
கடைசிப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில்
உட்கார்ந்துவிட்டவர்களை எல்லாம்
பங்காளிகள் என்று எழுதிக்கொண்டாற்போல.
அப்புறம் ஒருவர் வந்தார், நாக்கின்மேல் பல்லை எண்ணினார்,
பாதியைப் பிரித்து வேறு வீட்டில் விட்டார்.
இன்னொருவர் நரம்பு முடிச்சைப் பார்த்து
திரும்பக் கூட்டிவந்தார்.
நத்தைகளுக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது.

மேல்மாடியில் 1911ஆம் வருடத்துக் குப்பி ஒன்று.
திரவம் புளித்து ஓட்டைத் தின்றுவிட்டது.
அடியில் கொஞ்சம் வெள்ளைக் கலங்கல்,
சீட்டு மட்டும் திடமாக இருக்கிறது:
ஒன்றை ஒன்று அடித்த மூன்று பெயர்கள்,
நான்காவது கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி.

படகுக்காரர் எய்லெர்ட் விக்
ரப்பர் காலணியோடு காபிக்கு வந்தார்.
சேறு அவர் இழுத்துக் கொடுத்தது; உரிமை உண்டு.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"யார் வீட்டுப் பிள்ளை இது?"
"தெரியவில்லை" என்றாள் சோல்ரூன்.
"எங்கள் கொள்ளுத்தாத்தா
த்வைட் பண்ணையில் இருந்தவரை த்வைட்.
பாறை சரிந்து பண்ணை போயிற்று,
கீழே இறங்கி விக்கில் குத்தகை பிடித்தார்.
அடுத்த ஞாயிறு, தேவாலயப் பதிவேட்டில் விக்.
ஆள் அதே ஆள்தான்.
இடது காலை இழுத்து நடப்பார், அந்தக் காலும் அதேதான்."
சர்க்கரை இல்லையா என்று கேட்டார். இல்லை.

இருப்பது ஒன்று.
மரபணு வேண்டுமென்றால் முழுதாக அரைக்க வேண்டும்.
வைத்துக்கொண்டால் உடல் உண்டு, உறவு தெரியாது;
அரைத்தால் உறவு தெரியலாம், காட்ட உடல் இராது.
சோல்ரூன் செவ்வாய் முழுக்க வரைந்தாள்.
புதன் முழுக்கப் படமெடுத்தாள்.
வியாழன் சாளரத்தைத் துடைத்தாள்,
அது அவள் வேலையே இல்லை.
வெள்ளி காலை கண்ணாடிக் குச்சியால் ஒரே அழுத்து.
சத்தம் வரும் என்று நான் காத்திருந்தேன்.
வரவில்லை.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது.
பழைய குடும்பத்தில் இல்லை.
புதிதாகச் சொன்ன இரண்டிலும் இல்லை.
மரத்தின் படத்தில் ஒரு தனிக் கோடு
கிளை சேராமல் ஓரத்தில் நின்றது.
சோல்ரூன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். மீன் சூப், அநேகமாக.

பதிவேற்றுவது என் வேலை.
இனம்: காலியாக விடலாம்.
குடும்பம்: காலியாக விட முடியாது,
சிவப்பாகக் கத்துகிறது கணினி.
'விக்' என்று தட்டினேன்.
ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நன்றாகத்தான் இருந்தது.
அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டேன்.
கணினி ஏற்றுக்கொண்டது.

மாலை யெல்டெ ஃபியோர்டிலிருந்து குறுஞ்செய்தி:
அதே இடம், அதே ஆழம், கூடை நிறையச் சேறு.
மூக்கைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்.