வீல்

பொகவந்தலாவையில் மழை ஓயாத செவ்வாய்.
நலன்புரிக் காரியாலயத்தில்
அரைப்பேர்க் கணக்கை மூடிவிட்டுப்
பழைய அகராதியைப் பிரிக்கிறேன்.
யாரோ ஒரு துரை விட்டுப்போனது,
ஓரமெல்லாம் பூஞ்சணம்.

வீல்:
நலம், வாழ்வு, குறைவின்மை.
ஆயிரம் வருஷத்து ஆங்கிலமாம்.
செல்வத்துக்கு அவர்கள் வைத்த பெயரும்
இதன் வயிற்றில் பிறந்ததுதானாம்.
என் கதவுப் பலகையில் தொங்கும் உத்தியோகம்கூட
இதற்குத் தூரத்துச் சொந்தம்.

கீழே இன்னொன்று. அதே எழுத்து, அதே ஒலி:
அடிபட்ட தோலில்
எழும்பி நிற்கும் தடிப்பு.
இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை,
வேர் வேறு என்று
சாய்வெழுத்தில் சத்தியம் செய்கிறது அகராதி.

இருக்கலாம்.

லீவுத் துண்டுக்கு வந்த செவனம்மா
வாசலில் நின்று
தலைச்சாக்கை இறக்குகிறாள்.
கூடைக்கயிறு இருபது வருஷம் இழுத்த கோடு
திருநீறு பூசும் இடத்தில்
குறுக்கே மினுங்குகிறது.

"சொகமா இருக்கீங்களா ஐயா?"
அவள்தான் கேட்கிறாள், என்னை.

நான் வாய் திறப்பதற்குள்
பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை
வீல் என்கிறது.

"நம்ம ஜெசிந்தாவோட கடக்குட்டி,"
திரும்பாமலே சொல்கிறாள்,
"பசி இல்ல, எறும்பு கடிச்சிருக்கு."

துண்டில் தேதி எழுதுகிறேன்.
காரணம் என்ற இடத்தில்
பேனா நிற்கிறது.