கூடம் கோணல்

நான்கு இரவாய் அது கட்டிலில், என் பக்கத்தில்.
இரண்டு மீட்டர் இறக்கை, ஒன்றேகால் கிலோ.
சத்தியசீலன் சோபாவில்.
"விமானத்துக்கு நித்திரை வந்ததோ?" என்று
காலையில் கேட்கிறான், கழுத்தைத் தடவியபடி.

மல்லாத்தினால் வால் நசுங்குகிறது.
குப்புறப் போட்டால் சக்கரம் வளைகிறது.
போன மாதம் இரண்டு தலையணைக்கு நடுவே நிறுத்தி வைத்தேன்.
தும்மினேன்.
சுக்கான் போனது.

சனிக்கிழமை குழாய் வாங்கப் போனேன்,
மின்கம்பி ஓடுமே, அந்தச் சாம்பல் குழாய்,
முட்டுகள் ஒரு பை நிறைய.
வூப்பர்டாலில் ரயிலுக்குத் தண்டவாளம் தலைக்கு மேல்.
கீழே ஆறு. பெட்டி காலில்லாமல் தொங்கிக்கொண்டு போகிறது.
மடியில் குழாய்க் கட்டோடு
நான் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்கு கால். குறுக்கே இரண்டு.
மேலே முன்னும் பின்னும் ஒவ்வொரு கவை,
குழந்தையை வாங்க நீளும் கைபோல.
கவைக்குள் ஒட்ட, பட்டறையில் மிஞ்சிய பாத மெத்தை:
ஒரு தபால்காரரின் குதிகாலுக்கு வெட்டிய நீலம்,
ஒரு நீச்சல் ஆசிரியைக்கு வெட்டிய இளஞ்சிவப்பு.

நிமிர்த்தினேன். ஆடியது.
நீளமான காலில் இரண்டு மில்லிமீட்டர் அறுத்தேன்.
ஆடியது, வேறு மூலைக்கு.
அந்த மூலையில் மூன்று.
இரவு பத்தரை. கீழ்வீட்டு லுக்கன்ஹவுஸ் அம்மா
துடைப்பக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டினார்.
ஞாயிற்றுக்கிழமை இங்கே வாள் எடுக்கக் கூடாது.
ஞாயிறு முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்,
ஆடும் பல்லை நாக்கு தொடுவதுபோல.

திங்கள், இன்னும் நான்கு மில்லிமீட்டர்.
"இன்னும் ஒருக்கா வெட்டினால் அது மணைப்பலகை,"
என்றான் சத்தியசீலன்.
"சம்மணம் போட்டு இருக்கட்டும், சாப்பாடு போடுவம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இதற்கு ஆட நன்றாகவே தெரிகிறது.
இருந்தாலும் ஒரு கொண்டைக்கடலையைத் தரையில் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு ஜன்னல் பக்கம் உருண்டு
அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
ஒரு முழம் தள்ளி இன்னொன்று வைத்தேன்.
அது சமையலறைக்குப் போனது.

நூற்றுப் பதினைந்து வயது வீடு.
கூடம் கோணலேதான்.

நாளெல்லாம் பிறர் கால்களை அளப்பவள் நான்.
இடது கால் ஆறு மில்லிமீட்டர் கட்டை என்றால்
சப்பாத்துக்குள் ஆறு மில்லிமீட்டர் வைப்பேன்.
பத்தொன்பது வருடத்தில் ஒருவரிடமும்
நீண்ட காலைக் கொடுங்கள், அறுத்துத் தருகிறேன்
என்று கேட்டதில்லை.
வீட்டுக்கு வந்தால் மட்டும்
அறிவு சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தபால்காரரின் நீலத்தில் ஒரு துண்டு செருகினேன்.
நின்றது.
அன்றிரவு சத்தியசீலன் கட்டிலுக்குத் திரும்பினான்,
குறுக்கே படுத்தான், விமானத்தைவிட மோசம்.

சனி. மேட்டுப் புல்வெளி. தென்மேற்குக் காற்று.
அகழெலி இரவோடிரவாக நிலத்தை உழுது வைத்திருக்கிறது.
வைத்தேன். ஆடியது.
இங்கே கடலை உருட்ட வேண்டியதில்லை.
நான்கு மில்லிமீட்டர் எங்கே, நான்கு விரல் வேண்டும்.
சுற்றுமுற்றும் பார்த்தேன்: கல்லில்லை, கட்டையில்லை.
வலது சப்பாத்தைக் கழற்றிக் காலடியில் தள்ளினேன்.

கவையில் அது உட்கார்ந்தது.
பேட்டரி. சுக்கான் இடம், வலம். வால் மேலே, கீழே.
தூக்கி எறிந்தேன்.

பதினோரு நிமிடம்.
காலுறை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது.
இடுப்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது,
நோயாளியாய் வந்திருந்தால்
எனக்கு நானே இரண்டு சென்டிமீட்டர் எழுதியிருப்பேன்.
மன்றத்துக் கணக்குப்பிள்ளை ப்ரொய்க்கல்மன்
வெறும் தாங்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
"யாருடைய சப்பாத்து இது?"

"அதனுடையது," என்றேன்,
வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.