இடது குதிகால்

வ்ரோத்ஸ்வாஃப் நகரின் பழைய டிராம் கொட்டகை.
கூரையெங்கும் கேமராக்கள்.
கறுப்பு இறுக்குடையில்
ஐம்பத்துமூன்று வெள்ளிக் குண்டுமணிகள் ஒட்டிக்கொண்டு
பொக்னா நடக்கிறாள்.
கணினித் திரையில்
தாடியும் கோடரியுமாய் ஒருவன்
அதே கணம் நடக்கிறான்.

தமிழில் எழுதும் எனக்கு
ள்ளிலிருந்து ன்னுக்குப் போக
மடங்கிய நாக்கு நுனி சற்று நிமிர வேண்டியிருக்கிறது.
அவளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தமானவன் கணுக்கால் முறிந்து படுத்த வாரம்
"ரெண்டே நாள் நடந்து கொடு" என்றார்கள்.
ரெண்டு நாள் ஒன்பது வருஷமாகி
நாலு பாகம் வெளிவந்தாயிற்று.
படைத்தலைவன் தொபூர்
அவள் முதுகெலும்பால் நிமிர்கிறான்.
அவள் தோளால் கதவிடிக்கிறான்.
சாகும்போது அவள் பழகிய மாதிரியே
முதலில் முழங்கால், அப்புறம் முகம்.

பெயர்ப்பட்டியலில் அவள்
சாப்பாடு கொடுத்தவர்களுக்கு ஒரு வரி மேலே.

தொபூரின் இடது குதிகால் லேசாக இழுக்கும்.
ரசிகர்கள் அதற்கொரு போரே எழுதிவிட்டார்கள்:
வடக்குக் கோட்டை முற்றுகை, விஷம் தோய்ந்த அம்பு,
காட்டிக்கொடுத்த தம்பி.
பொக்னாவுக்குத் தெரியும்:
பிப்ரவரி, பால்கடை வாசல், கண்ணாடிப் பனி,
ஒரு கையில் பால், மறு கையில் எட்டு மாதக் குழந்தை.
பால் கொட்டியது.
குழந்தை விழிக்கக்கூட இல்லை.

டிராமில் ஒருநாள்
எதிர் இருக்கைப் பையன் நண்பனிடம் சொன்னான்:
"நடையைப் பாரு. ஆம்பளைன்னா இப்படி நடக்கணும்."
அவள் இறங்கும் இடம் வந்தது.
அவர்களைத் தாண்டித்தான் நடந்து போனாள்.
இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் பாகத்தில் பெண்ணாகவும் ஆடலாம் என்று முடிவாயிற்று.
கடிதங்கள் வந்தனவாம்.
கூட்டத்தில் தயாரிப்பாளர் செஸ்வாஃப் கணக்குச் சொன்னார்:
எட்டாயிரம் அசைவு, எல்லாம் முதலிலிருந்து,
செலவு மலையளவு.
பொக்னா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி
"அதெல்லாம்தான் ஏற்கெனவே இருக்கே" என்றாள்.
நகைச்சுவை என்று சிரித்தார்கள்.
பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.

திங்கட்கிழமை மறுபடி அதே குண்டுமணிகள்.
"இப்போ பெண்ணா நட."
நடந்தாள்.
"இன்னும் கொஞ்சம்..."
காற்றில் கையால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார்கள்.
இரண்டாம் டேக். ஐந்தாம் டேக்.
"கனமா இருக்கு."
"கோடரி கனம்தானே?"
"இடுப்பு..."
"வலிக்கிறது."
பதினோராம் டேக்கில் கேட்டாள்:
எந்தப் பெண்?
சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கும் யட்விகாவா?
லிஃப்ட் கெட்டுப்போன நாளில்
முடியாத புருஷனை மூன்று மாடி தூக்கிப்போன
என் தங்கையா?
சொல்லுங்கள், நடக்கிறேன்.

யாரும் சொல்லவில்லை.
கேமராக்களின் சிவப்பு விளக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பதாவதைச் சரி என்றார்கள்.
அதில் குதிகால் இழுக்கவில்லை.

வெளியே உறைமழை ஓய்ந்திருந்தது.
நிறுத்தம்வரை நடைபாதை ஒரே கண்ணாடி.
செஸ்வாஃப், இரவுக் காவலாளி,
வேலை முடிந்த இரண்டு நர்சுகள்,
நாயோடு வந்த பாதிரியார்,
எல்லாரும் கால் அகட்டி, கை விரித்து,
பாதத்தை முழுசாகப் பதித்துப் பதித்து
வாத்து மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள்.
நாயும் அப்படியே.
பொக்னாவும்.

டிராம் மணி கேட்டதும்
அவள் மட்டும் ஓடினாள்.
குதிகால்
தன்பாட்டுக்குப் பின்னால் வந்தது.