முப்பத்தொன்றாவது வரி

உசிலம்பட்டி வட்டார வள மையத்தில்
கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
நூற்றுச் சொச்சம் பள்ளிக்கூடங்களுக்கு
நான் பணம் பிரிக்கிறேன்.
என் பணம் இல்லை. தில்லியில் கிளம்பி
சென்னையில் பல நாள் படுத்திருந்து
மதுரையில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்து
பங்குனி வெயிலில் வந்து சேரும் பணம்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டும்.
மிஞ்சினால் வந்த வழியே போய்விடும்.
போகும்போது மட்டும்
அதற்கு எங்கேயும் தாமதம் கிடையாது.

விதி எளிது.
முப்பது பிள்ளைகள் வரை பத்தாயிரம்:
சாக்பீஸ், துடைப்பம், இரண்டு டியூப்லைட்,
கொடிக்கம்பத்துக்குக் கயிறு, தீர்ந்தது.
முப்பத்தொன்று என்றால் இருபத்தைந்தாயிரம்.
கடைசித் தலை ஒன்றுக்கு மட்டும் பதினைந்தாயிரம் என்று
விதி எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.
ஒன்பது வருஷமாக எனக்கும் தோன்றவில்லை.

கொக்குடையான்பட்டித் தலைமையாசிரியை சகாயமேரி
வருகைப் பதிவேட்டை முந்தானையில் பொதிந்து
டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார்.
செப்டம்பர் முப்பது, எண்ணிக்கை நாள்.
முப்பத்தொன்றாவது வரி:
வி. லோகிதா, மூன்றாம் வகுப்பு.
அன்று வந்திருக்கிறாள். மறுநாளும்.
தைப்பொங்கல் வரை கட்டம் கட்டமாக
வந்துகொண்டே இருந்திருக்கிறாள்.
அதன் பிறகு சிவப்பு மை.

கணினியில் பார்த்தேன். முப்பது.
மேலே போனேன், கீழே வந்தேன்.
பக்கம் மாறும் இடத்தில் ஒரு வரியை
நான்தான் விழுங்கியிருக்கிறேன்.
அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

கூட வந்தவர் ஒச்சம்மாள்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.
கையில் மெக்கானிக் எழுதிய துண்டுச்சீட்டு:
மோட்டாருக்குக் காயில் கட்ட, பைப் மாற்ற
பதினெட்டாயிரத்து நானூறு.
சத்துணவுக்கு ரேஷன் கடைக் குழாயிலிருந்து
குடம் குடமாய்ப் போகிறது தண்ணீர்.
கழிப்பறைக்கு அதுவும் இல்லை.
"முப்பது புள்ளைக்கி ஒரு தாகம்,
முப்பத்தொண்ணுக்கு வேற தாகமா சார்?"

மதுரைக்குப் போன் போட்டேன்.
பட்டியலைப் பூட்டியாகிவிட்டது என்றார்கள்.
திறக்கக் கடிதம் வேண்டும்,
கடிதத்துக்கு விளக்கம்,
விளக்கத்துக்குப் பள்ளியில் நேரடி ஆய்வு.
அன்று தேதி இருபத்தாறு.

எழுதி வாசித்துக் காட்டினேன்:
'தட்டச்சுப் பிழையால்
மாணவி ஒருவர் விடுபட்டுள்ளார்.'
ஒச்சம்மாள் இடைமறித்தார்.
"விடுபடல சார். முறுக்குக் கம்பெனிக்குப் போயிருக்கா.
நெல்லூரு.
அவுக ஆத்தா மாவு பிசையிறா,
அய்யன் எண்ணெச் சட்டியில நிக்கிறான்,
இவ தம்பியத் தூக்கி வச்சிருக்கா.
நாத்திக்கெழம பேசுனேன்,
பள்ளிக்கூடத்துல தண்ணி வருதான்னு கேட்டா."

சகாயமேரி பதிவேட்டை மூடினார்.
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது:
ஆய்வுக்கு வருகிறவர்
செப்டம்பரை எண்ணமாட்டார்.
தரையில் உட்கார்ந்திருப்பதை எண்ணுவார்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.
'தட்டச்சுப் பிழை' என்ற இடத்தில்
'என்' என்று முன்னால் சேர்த்தேன்,
இடம் போதாமல் அது கோட்டுக்கு மேலே நின்றது.
முத்திரை குத்தி மதுரைக்கு அனுப்பினேன்.

போகிற வழியில் ஒச்சம்மாள்
எங்கள் அலுவலக வாசல் குழாயைத் திறந்து
முகம் கழுவினார்,
பிறகு இறுக்கி மூடினார்.
இன்னும் ஒரு சொட்டு.
திரும்பி வந்து
மறுபடி மூடினார்.