ஆறு புள்ளி ஒன்பது

இண்டர்வியூவில் கேட்டார்கள்:
ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
சென்னையில் என்று சொல்லவில்லை.
பார்த்தது அங்கேதான்.

எம்.எஸ்சி. வேதியியல், வங்கித் தேர்வு நான்கு முறை,
கடைசியில் ராணிப்பேட்டை.
தோல் ஆலைகளின் கழிவு நீர் வந்து சேரும் நிலையம்,
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
திரும்பும் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டுக்காரி
துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றும்போது
வெளியே எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.
பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னாள்:
"தண்ணி சம்பந்தப்பட்ட வேலை."
பொய்யில்லை.

முதல் வாரம் தனஞ்செழியன் சுற்றிக் காட்டினார்.
மோட்டார் இது, ப்ளோயர் இது,
தலை வைத்துத் தூங்க வசதியான மேசை இது.
பதிவேட்டைத் திறந்து
நேற்றைய பக்கத்தைப் பார்த்து இன்றைய பக்கத்தை நிரப்பினார்.
ஏழு புள்ளி இரண்டு.
அதற்கு முந்தைய இரவும் ஏழு புள்ளி இரண்டு.
தீபாவளி இரவு, புயல் இரவு,
கரண்டே இல்லாமல் கிடந்த ஒரு முழு இரவு,
எல்லாம் ஏழு புள்ளி இரண்டு.
கையெழுத்து மட்டும் மூன்று பேருடையது.

நானும் எழுதினேன்.
ஏழு மாதம்.
பொய் சொல்கிற மாதிரிகூட இல்லை,
வீட்டுக் கதவு எண்ணை எழுதுகிற மாதிரி.

ஒரு மார்ச் இரவில் தூக்கம் வரவில்லை.
பெரிய காரணம் ஒன்றும் கிடையாது:
கொசு. அப்புறம் கல்லூரித் தோழி அனுப்பிய படம்,
ஹைதராபாத், கண்ணாடிக் கட்டடம்,
கழுத்தில் தாலிபோலத் தொங்கும் அடையாள அட்டை.
கோபமா பொறாமையா தெரியாது,
எழுந்து போய்க் கடைசித் தொட்டியில்
கயிறு கட்டிய குடுவையை இறக்கினேன்.

கருவியின் மின்முனை தூசிக்குள் காய்ந்து கிடந்தது.
ஊறவைத்தேன். இரண்டு கரைசலில் சரிபார்த்தேன்.
மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்,
கை மறக்கவில்லை.
எண் தள்ளாடித் தள்ளாடி நின்றது.
ஆள் இல்லாத அறையில் சத்தமாய்ச் சொன்னேன்:
ஆறு.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்குள் மணல்தான் இருக்கும்.
ஆறு புள்ளி ஒன்பது.

விதிப்படி அதுவும் சரிதான்.
இத்தனை வருடப் பொய்க்கு
அவசியமே இருந்திருக்காது.
வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன், பேனாவை அழுத்தி.
காலையில் தனஞ்செழியன் பார்த்துவிட்டு
"எதுக்கும்மா புதுப் பழக்கம்" என்றார்.
கோபமில்லை அவருக்கு. கொஞ்சம் பயம்.

பதினொரு நாள் கழித்து ஒன்பது புள்ளி எட்டு.
மறுபடி அளந்தேன். ஒன்பது புள்ளி எட்டு.
எங்கோ ஓர் ஆலை
சுண்ணாம்புத் தொட்டியை அப்படியே திறந்துவிட்டிருக்கிறது.
வெளியேற்றும் வால்வின் சக்கரம் துருவேறி அசையவில்லை.
இருவரும் அதில் தொங்கினோம்.
விடியும் முன் போனில் மேலாளர்:
உன்னை யார் அளக்கச் சொன்னது?
யோசித்து வைத்த பதில் ஏதுமில்லை.
"அதுக்குத்தானே சார் சம்பளம்" என்று
வாயில் வந்துவிட்டது.

மாலை போடவில்லை யாரும்.
சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு, அன்றும் இன்றும்.
வங்கித் தேர்வுக்கு இந்த வருடமும் விண்ணப்பித்திருக்கிறேன்.
கிடைத்தால் போய்விடுவேன்,
அதில் சந்தேகம் வேண்டாம்.
மூக்கு பழகவில்லை இன்னும்.

நான் திறந்துவிடும் நீர்
பாலாறு வரை போகிறதா தெரியாது.
நடுவிலேயே வெயில் குடித்துவிடலாம்.
ஆனால் இங்கிருந்து கிளம்பும்போது அது என்னவாக இருந்தது
என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது.

பதிவேட்டில் கடைசிக் கட்டம், "குறிப்பு."
ஒருவரும் தொட்டதில்லை.
நேற்று நிரப்பினேன்:

மணி 3.40. மழை வாடை.
தொட்டி விளிம்பில் ஓர் இராக்கொக்கு.
குடிக்கவில்லை, நின்றது.
அளவு ஆறு புள்ளி ஒன்பது.
மு. பவதாரணி.